வானொலிச் சிரிப்பும் இனவார்ப்பும்: 'கோமாளிகள்' பற்றிய ஒரு மறுநோக்கு

லிந்துலைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியர் அறையில் அண்மையில் நிகழ்ந்த ஒரு தர்க்கமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பாடசாலைக் கலைவிழாவுக்கு நகைச்சுவை நாடகமொன்று வேண்டியிருந்தது. ஓய்வுபெறும் வயதை அண்மித்த ஆசிரியர் ஒருவர், எழுபதுகளில் இலங்கை வானொலியிற் பெரும் புகழ் ஈட்டிய 'கோமாளிகள்' நால்வரையும் மாணவரைக் கொண்டு மேடையேற்றலாம் என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறிச் சில ஆண்டுகளேயான ஆசிரியை ஒருவர் அதனை மறுத்தார். முஸ்லிமையும் சிங்களவரையும் பிராமணரையும் யாழ்ப்பாணத்தவரையும் அவரவர் பேச்சைக் கொண்டே சிரிப்புக்கிடமாக்குவது இனவாதத்தின் மென்மையான வடிவம் என்பது அவர் வாதம். மூத்தவர் சினந்தார். அந்தக் காலத்தில் நால்வரின் குரலையும் கேட்டு நாடே சிரித்தது, எவரும் மனம் நோகவில்லை என்றார். எவரும் நோகவில்லை என்பதை எவரிடம் கேட்டறிந்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். மணி அடித்தது, இருவரும் வகுப்புகளுக்குச் சென்றனர். விருந்தினராய் அங்கிருந்த நாம் அவ்வினாவோடு திரும்பினோம்.

பொருள் அற்பமானது போலத் தோன்றலாம். வானொலி நகைச்சுவையைத் திறனாய்வுக்குரிய பொருளாக நம்மவர் அதிகம் கருதியதில்லை. 'லண்டன் கந்தையா'வை ஆக்கிய சானா என்னும் எஸ். சண்முகநாதனைப் பற்றிக்கூட நினைவுக் குறிப்புகளே மிகுதி. ஆயினும் ஒரு சிறுகதைத் தொகுதியைப் படித்தோரின் தொகையையும், லயக் காம்பராக்களில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோரின் தொகையையும் ஒப்பிட்டு நோக்கின், மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு கற்பனை செய்துகொண்டனர் என்பதை அறியப் பின்னதே தக்க சான்று என்பது புலனாகும்.

முதலில் விடயத்தைத் தெளிவாக்குவோம். 1967 இல் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்ட இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில், எஸ். ராமதாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' எழுபதுகளில் ஒலித்தது. 1976 இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் எஸ். ராமநாதனின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. பாத்திரங்கள் நான்கு. மரிக்கார் முஸ்லிம்களின் பேச்சுத்தமிழைப் பேசுபவர். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழைப் பேசுபவர். ஐயர் பிராமணப் பேச்சுக்காரர். உபாலி தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் சிங்களவர். மரிக்காராக ராமதாஸும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும், உபாலியாக எஸ். செல்வசேகரனும் நடித்தனர். இப்பெயர்கள் நடிகரின் சொந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே இறுதிவரை வழங்கினர். ஐயர் என்ற அடை மாத்திரம் ஹமீதின் பெயரோடு ஒட்டவில்லை. அதற்கான காரணத்தை ஆராய்வது சுவையான முயற்சியாக அமையும். ஆனால் இங்கு அது நம் பொருளன்று.

ஆசிரியையின் குற்றச்சாட்டை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைப்பதே நேர்மை. ஓர் இனத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்து, அந்த அச்சையே அவர்களின் இயல்பெனக் காட்டுவதை இனவார்ப்பு என்போம். வானொலியில் முகமில்லை, உடையில்லை, நிறமில்லை. குரலும் உச்சரிப்புமே ஆள். ஆகவே வானொலி நகைச்சுவைக்கு இனவார்ப்பு ஏறத்தாழத் தவிர்க்கவியலாத குறுக்குவழி. வாயைத் திறந்ததும் இன்னார் என்று தெரியவேண்டும், தெரிந்ததும் சிரிப்பு வரவேண்டும். இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் 'அமோஸ் அன்ட் அன்டி'. 1928 இல் சிக்காகோவில் தொடங்கிய அவ்வானொலித் தொடரில் ஃப்ரீமன் கொஸ்டன், சார்ல்ஸ் கொரெல் என்னும் வெள்ளையர் இருவர் கறுப்பரின் குரலைப் பாவனை செய்தனர். அமெரிக்கா முழுவதும் அதற்குச் செவிசாய்த்தது. கறுப்பரின் பத்திரிகையான 'பிற்ஸ்பர்க் கூரியர்' 1931 இல் அதற்கெதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. 1951 இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் கண்டனம் தெரிவித்தது. தொலைக்காட்சியிற் கறுப்பர்களே நடித்தார்கள் என்பதும் கண்டனத்தைத் தணிக்கவில்லை. 1966 அளவில் மறு ஒளிபரப்பும் நிறுத்தப்பட்டது. அத்தொடரைக் கேட்டுச் சிரித்தோரிலும் நல்லவர்கள் இருந்தனர். சிரித்தவர்களுட் கறுப்பரும் இருந்தனர். அதனாற் குற்றச்சாட்டு பொய்யாகிவிடவில்லை.

நம் மண்ணில் இதற்கு மேலும் கொடிய ஒரு பின்னணி உண்டு. பேச்சின் சாயலைக் கொண்டு ஆளை இனங்காணும் பழக்கம் நமக்கு வெறும் நகைச்சுவையாக மட்டும் இருந்ததில்லை. 1983 யூலையில் வீதிகளில் மறிக்கப்பட்டோரிடம், வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரித்துக் காட்டும்படி கேட்கப்பட்டது. அச்சொல்லின் முதலெழுத்து நாவில் எவ்வாறு புரண்டது என்பது உயிரைத் தீர்மானித்தது. இதனை அறிந்த ஒரு தலைமுறை, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் நாடகத்தை ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை.

இனி மறுபக்கத்தை நோக்குவோம்.

பிறமொழியார் பேசும் தமிழ் சிரிப்புக்குரியது என்பது வானொலி கண்டுபிடித்த செய்தியன்று. நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு களன்களைத் தொல்காப்பியம் வகுத்தது. அதற்கு உரைகண்ட இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய கூத்துநூலிலிருந்து எடுத்துக்காட்டும் பகுதியொன்றில், நகைக்கு இடமாவனவற்றின் நீண்ட நிரலிலே ஆரியர் பேசும் தமிழும் இடம்பெறுகின்றது. முடவரின் நடையும், பித்தரின் பிதற்றலும், கூனரும் குறளரும் அதே நிரலில் வருவது மனங்கொள்ளத்தக்கது. பழமையானது என்பதனால் ஒன்று நியாயமானதாகிவிடாது. முடவர் நடையைக் கண்டு இன்று எவரும் சிரிக்கத் துணியார். ஆனால் அதே உரைமரபில் இன்னொரு நுட்பமும் உண்டு. எள்ளலை விளக்கும் பேராசிரியர், தான் பிறரை எள்ளும்போது பிறப்பதும், பிறரால் தான் எள்ளப்படும்போது பிறப்பதும் என அதனை இருவகையாக்குகிறார். சிரிப்பு ஒருவழிப் பாதையா, இருவழிப் பாதையா என்ற வினா இங்கேயே தோன்றிவிடுகிறது. இதனையே நாம் அளவுகோலாகக் கொள்வோம். உச்சரிப்பு மிகைப்படுத்தப்பட்டதா என்பதன்று வினா. எந்த நகைச்சுவையிலும் மிகை உண்டு. நடிகரின் உள்ளம் தூயதா என்பதும் வினாவன்று. அதனை நாம் அறியமாட்டோம். சிரிக்கப்படுபவன் அதே மேடையில் நின்று திருப்பிச் சிரிக்க இடமிருந்ததா என்பதே வினா.

இவ்வளவுகோலின்படி 'அமோஸ் அன்ட் அன்டி'யும் 'கோமாளிகள்' நால்வரும் ஒன்றல்ல. அங்கே வெள்ளையர் கறுப்பராக நடித்தனர். கறுப்பர் வெள்ளையரின் குரலில் நாடெங்கும் கேட்கச் சிரிப்பூட்டும் வாய்ப்பு இருக்கவில்லை. இங்கே முஸ்லிமான ஹமீது பிராமணராகப் பேசினார். முஸ்லிமல்லாத ராமதாஸ் மரிக்காராகப் பேசினார். தமிழரான செல்வசேகரன் சிங்களவராகப் பேசினார். வேடங்கள் குறுக்கும் நெடுக்குமாக மாறிக் கிடந்தன. நம் நினைவிலுள்ளவரை அந்நால்வருள் நிரந்தர அறிவாளியும் இல்லை, நிரந்தர மூடனும் இல்லை. செந்தமிழ் பேசிக்கொண்டு மற்றவர்களைத் திருத்தும் ஐந்தாவது ஒருவர் அங்கே இருக்கவில்லை என்பது அதனினும் முக்கியம். திருத்துபவர் இல்லாத இடத்தில் எந்தப் பேச்சும் பிழையான பேச்சு ஆவதில்லை.

இதன் பெறுமதியை உணர, அறுபதுகளின் மரபுப் போராட்டத்தை நினைவுகூர வேண்டும். பேச்சுவழக்கை இலக்கியத்துட் கொணர்ந்த முற்போக்கு எழுத்தாளரின் படைப்புகளைப் பண்டிதர் சிலர் இழிசனர் இலக்கியம் என்றனர். அதற்கும் முன்னரே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'நானாடகம்' முதலிய தம் நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சை மேடைக்குரியதாக்கியிருந்தார். கதையிலும் நாடகத்திலும் வென்றெடுக்கப்பட்ட அவ்வுரிமையை வெகுசன ஊடகத்திற்குக் கொண்டுசென்றவர்களுள் ராமதாஸும் ஒருவர் என்று கூறினால் நம் திறனாய்வாளர் சிலர் முகஞ்சுளிக்கலாம். எனினும் முஸ்லிம்களின் வீட்டுத் தமிழை யாழ்ப்பாணத்துக் குடும்பமும் மலைநாட்டுத் தொழிலாளியும் வாராவாரம் கேட்டுப் பழகியது வானொலியிலேயே அன்றிப் புத்தகத்தில் அன்று.

உபாலியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மலைநாட்டுக்கு வெளியே இருந்து எழுதுவோர் காணத் தவறுவது இதுவே. நகரத்தில் உடைந்த தமிழ் பேசுபவன் பெரும்பாலும் அந்நியன். அவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. தோட்டத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நூறாண்டுகளுக்கு மேலாக உடைந்த தமிழ் அதிகாரத்தின் மொழியாக இருந்தது. துரைமாருக்குத் தமிழ் கற்பிப்பதற்கென்றே கைந்நூல்கள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பேர்குசன் சின்னத்துரைமாருக்காக வெளியிட்ட கைந்நூலின் பெயர் 'இங்கே வா'. தலைப்பே ஓர் ஏவல். 1915 இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. தொழிலாளியின் பேச்சை ஒரு தனிமொழியாக்கி அதற்குக் கூலி என்ற இழிபெயரையும் சூட்டிய நூல் அது. பெரட்டுக்களத்தில் வெள்ளைத்துரை தமிழைச் சிதைத்துப் பேசினார். வரிசையில் நின்றவர் சிரிக்க முடியாது. சிரிப்பு லயத்துக்குத் திரும்பியபின் வந்தது. 1975 இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபின் வெள்ளைத்துரைமார் போயினர். அவர்களின் இடத்துக்கு வந்தோருட் பெரும்பாலோர் சிங்களவர். தட்டுத்தடுமாறும் தமிழில் ஆணை பிறப்பது தொடர்ந்தது. அலுவலகத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ சென்றாலோ, தடுமாறுபவர் தொழிலாளி. 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் தொட்டு, தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் கூறும்வரை சட்டம் எழுத்தளவிற்கூட அவருக்கு முழுமையாகத் துணைநின்றதில்லை. அதன் பின்னரும் நடைமுறை எவ்வாறிருந்தது என்பதை லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு பத்திரம் எடுக்கச் சென்ற எவரும் கூறுவர்.

இத்தகைய செவிகளில் உபாலி எவ்வாறு ஒலித்திருப்பான்? தமிழ் தெரியாத ஒரு சிங்களவன், அதிகாரமில்லாமல், நண்பனாய், தமிழரோடும் முஸ்லிமோடும் சரிசமமாய் அமர்ந்து, பிழைவிட்டுப் பிழைவிட்டுத் தமிழ் பேச முயல்கிறான். பெரட்டுக்களத்தில் அடக்கிய சிரிப்பை வானொலிப் பெட்டியின் முன்னே வெளிவிட அவன் இடந்தந்தான். இதனை இனவாதம் என்று பெயரிட்டால், அச்சிரிப்பின் உள்ளடக்கத்தை நாம் தவறவிட்டவராவோம். அதேவேளை அதிகாரத்தை அது அசைத்ததெனவும் பொய்ப்பெருமை கொள்ளலாகாது. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் லயங்கள் தாக்கப்பட்டபோது உபாலியின் தோழமை எவரையும் காக்கவில்லை. நகைச்சுவையிடம் நாம் அதனை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆனால் மூத்த ஆசிரியரின் தரப்பு முற்றாக வென்றுவிட்டதென எண்ணவேண்டாம். சமமான வரிசை என்பது எழுத்திலுள்ளதன்று, கேட்போரின் வாழ்விலுள்ளது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் மரிக்காரைப் பாவனை செய்து சிரிக்கும் ஒருவனை நாம் எவ்வாறு மதிப்போம்? அங்கே திருப்பிச் சிரிக்க முஸ்லிம் இல்லை. 2019 ஏப்ரலின் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும்படி நாட்டின் பல பாகங்களில் குரல் எழுந்த சூழலில் அதே மரிக்காரின் பேச்சு வேறொரு நிறம் பெறுகிறது. எழுத்து மாறவில்லை; அமர்ந்திருந்த நாற்காலிகளை எவரோ எடுத்துப் போய்விட்டனர். ஆகவே 1976 இன் 'கோமாளிகளை' இனவாதக் குற்றத்திலிருந்து பெரும்பாலும் விடுவிக்கும் நாம், அதனை அப்படியே இன்றைய பாடசாலை மேடைக்கு ஏற்றுவதில் ஆசிரியைக்கு எழுந்த தயக்கத்தைச் சரியென்றே கொள்கிறோம்.

இருவரின் தர்க்கத்திலும் எழாத ஒரு வினா உண்டு. நமக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. நான்கு நாற்காலிகளுள் மலையகத் தமிழனுக்கு உரியது எது?

எதுவுமில்லை. இலங்கையின் இனங்களையும் பேச்சுகளையும் ஒரே திண்ணையில் அமர்த்திய அந்நாடகத்திலே, நாட்டின் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியை ஈட்டித்தந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சு இல்லை. ஒப்பீட்டளவில் இலங்கையிற் சிறு தொகையினரான பிராமணருக்கு இடமிருந்தது. ராமதாஸ் வேண்டுமென்று விலக்கினார் என்று நாம் கூறவரவில்லை. காலம் அவ்வாறிருந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி ஒன்றரை இலட்சம் 1974 வரை காத்திருந்தது. வானொலியில் கோமாளிகள் கும்மாளமிட்டபோது தலைமன்னாருக்குச் செல்லும் ரயிலில் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஏறிக்கொண்டிருந்தன. போவாரோ இருப்பாரோ என்று தெரியாதவர்களுக்கு நாட்டின் திண்ணையில் யார் இடம் போடுவார்?

மலையகத்தவன் சிரிப்புக்கு ஆளாகவில்லை என்று இதற்குப் பொருளன்று. நாற்காலி இல்லாமலே ஆளானான். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் ஒரு நகைச்சுவைத் துணுக்கு முழுவதற்கும் ஈடாகப் பயன்பட்டது. வீட்டு வேலைக்கு வந்த பையனின் பேச்சாகவும், கடைச் சிப்பந்தியின் பேச்சாகவும் அவனது மொழி நகர்ப்புற வீடுகளிற் பாவனை செய்யப்பட்டதை அறியாதார் நம்முள் இலர். அவ்விடங்களில் அவன் பதில் கூறும் நிலையில் இருக்கவில்லை. நாம் வகுத்த அளவுகோலின்படி, உபாலியும் மரிக்காரும் சிரிப்புக்குப் பங்காளிகள். தோட்டக்காட்டான் சிரிப்புக்குப் பொருள். இனவார்ப்பின் மெய்யான முகத்தை வானொலியில் ஒலித்த குரல்களிலன்றி, ஒலிக்காத குரலிலேயே நாம் தேடவேண்டியுள்ளது.

இதே வகையான தனிமையைப் பின்னர் ஈழத்தமிழர் அனைவருமே தமிழ்நாட்டுத் திரையில் ஓரளவு அனுபவித்தனர். 2000 இல் கே. எஸ். ரவிகுமாரின் இயக்கத்தில் வெளிவந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் எதற்கும் அஞ்சும் ஓர் இலங்கைத் தமிழன். அப்பேச்சின் இசை திரையரங்கிற் சிரிப்பை எழுப்பியது. பரிவோடு படைக்கப்பட்ட பாத்திரம் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் போர் தந்த அச்சமும் பேச்சின் சாயலும் ஒரே சிரிப்பிற் கலந்தபோது, நம்மவர் பலருக்கு அது தொண்டையில் முள்ளாயிற்று. அன்று வருந்திய யாழ்ப்பாணத்து நண்பர்கள், தம் இல்லங்களில் மலையகப் பேச்சு பாவனை செய்யப்பட்டதை நினைத்துப் பார்த்தார்களா என்று கேட்பது சற்றுக் கடுமையாகலாம். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முற்போக்குத் திறனாய்வாளராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. மலையகத் தொழிலாளியை நாம் கண்ணீரோடு மட்டுமே வரவேற்றோம். 1975 இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' முதலாக, அம்மக்களின் துயரும் போராட்டமும் கலையிற் பதிவாயின, அது வேண்டியதே. தெளிவத்தை ஜோசப்பின் கதைகளிற் சிரிப்பு இல்லாமலில்லை. ஆனால் அவற்றைப் பற்றி எழுதிய நாம் சுரண்டலையே தேடி எடுத்துக்காட்டினோம். துன்பப்படுபவன் என்ற வார்ப்பும் ஒரு வார்ப்பே. மடக்கொம்பரையிற் பிறந்து, 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைப் புரட்டுவோர் அங்கே வேறொரு தொழிலாளியைக் காண்பர். கங்காணியையும் துரையையும் கேலிசெய்யும் கூர்மையான நாக்கு அவருக்கு உண்டு. மாசி மாதத்துக் காமன் கூத்திலும் கோமாளி உண்டு. நள்ளிரவுக்குப் பின் அவர் பேசும் பேச்சில் தோட்டத்துப் பெரியவர்கள் எவரும் தப்புவதில்லை. அச்சிரிப்பை வானொலி கேட்கவில்லை. நாமும் ஏட்டில் ஏற்றவில்லை.

இரண்டு வாரங்களின் பின் அப்பாடசாலைக்கு மீண்டும் சென்றோம். நாடகம் பற்றிய தர்க்கம் தணிந்திருந்தது. கோமாளிகளை விட்டுவிட்டு, பிள்ளைகளே பேசி ஆக்கும் ஒரு நாடகத்தைப் பயிற்றத் தொடங்கியிருந்தார் ஆசிரியை. சிறு வயதில் லயத்தில் இருந்தபோது நால்வருள் எவரைப் பாவனை செய்வீர்கள் என்று மூத்தவரைக் கேட்டோம். தயங்காமல் உபாலி என்றார், செய்தும் காட்டினார். அறையே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற இடத்தில், விடுதியில் எப்போதாவது தோட்டத்துப் பேச்சைப் பேசி நண்பர்களைச் சிரிக்க வைத்ததுண்டா என்று கேட்டோம். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அங்க நான் வாயே தொறக்க மாட்டேன் சார். என் பேச்ச அவங்களே பேசிச் சிரிச்சிக்குவாங்க."